தோட்டத்துக்கும் லைன் வேண்டும்!

பால் வெட்டும் தொழிலாளிக்குக் கைத்தொலைபேசி எதற்கு என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. பாங்கிக் கணக்கில் சம்பளம் விழுந்ததா என்று பார்ப்பதற்கும், சர்க்கார் உதவித்தொகைக்கு மனுச் செய்வதற்கும், பிள்ளையின் பள்ளிக்கூடத்து அறிவிப்பைத் தெரிந்து கொள்வதற்கும் இன்று அதுவே கருவி. வசதி படைத்தோரின் விளையாட்டுப் பொருளாக இருந்தது, ஏழை வீட்டில் அரிசி பருப்பைப் போல அவசியப் பொருளாகிவிட்டது. ஆயினும் ஒதுக்குப்புறத் தோட்டங்களின் லயங்களில் இன்றும் கேட்கும் சொல் ஒன்றுதான்: "லைன் இல்லை!"

இதனால் வரும் நட்டம் என்ன என்பதை 2020ம் ஆண்டு நமக்குக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமுலுக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடம் போன் வழியே வந்தது. பட்டணத்துப் பிள்ளை வீட்டு மேசையில் அமர்ந்து படித்தது. லைன் எட்டாத இடத்துப் பிள்ளை மேட்டையும் சாலையோரத்தையும் தேடி நடந்தது. சபாவில் ஒரு மாணவி பரீட்சை எழுதுவதற்காக மரத்தின் மேல் இரவைக் கழித்த செய்தியை நாடே பேசியது. ஏணி இல்லாதவன் மரம் ஏறத்தான் வேண்டும் என்று நாம் சும்மா இருந்துவிடலாமா?

அதே ஆண்டு ஆகஸ்டில் சர்க்கார் ஜெண்டேலா என்னும் திட்டத்தை அறிவித்தது. 4ஜி அலை எட்டும் பரப்பை 91.8 சதவிகிதத்திலிருந்து 2022 முடிவுக்குள் 96.9 சதவிகிதமாக உயர்த்துவது அதன் இலக்கு. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கணக்கில் உள்ள ஒரு சொல்லை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். அது "மக்கள் குடியிருக்கும் பகுதிகளில்" எடுத்த சதவிகிதம். வெட்டுக்காட்டில் யாரும் குடியிருப்பதில்லை. ஆகவே அந்தக் காடு கணக்கிலேயே இல்லை! விடியுமுன் உளியும் வாளியுமாக நிரைக்குள் இறங்குகிறவன், பாம்பு தீண்டினாலோ, சரிவில் விழுந்து கால் முறிந்தாலோ, யாரை அழைப்பான்? சொந்தக் கம்பெனியின் அலை இல்லாவிட்டாலும், வேறு கம்பெனியின் அலை இருந்தால் 999க்கு அழைப்புப் போகும். எந்தக் கோபுரமும் எட்டாத பள்ளத்தில் அதுவும் போகாது. ஏட்டில் பால் இருந்து வாளியில் இல்லையென்றால் கிராணி ஒப்புக்கொள்வாரா? வரைபடத்தில் மட்டும் இருக்கும் அலையும் அப்படித்தான்.

லைன் ஏன் வருவதில்லை? குன்றுகள் அலையை மறைக்கின்றன. அடர்ந்த இலை, அதிலும் மழையில் நனைந்த இலை, அதை உறிஞ்சிக் கொள்கிறது. இவை இயற்கைத் தடைகள். பெரிய தடையோ இலாபக் கணக்கு. ஆயிரக்கணக்கான பேர் பேசும் பட்டணத்தில் கோபுரம் போட்டால் போட்ட முதல் திரும்பும். நூறு குடும்பம் உள்ள தோட்டத்தில் திரும்பாது. இந்தக் குறையைப் போக்கவே 1998ம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் ஒரு பொது நிதி உள்ளது. குறித்த அளவுக்கு மேல் வருமானமுள்ள கம்பெனிகள், நிகர வருமானத்தில் 6 சதவிகிதத்தை அதில் செலுத்த வேண்டும். வசதி எட்டாத இடங்களுக்கென்றே ஏற்பட்ட பணம் அது. அதைத் தோட்டங்களுக்குக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

ஜொகூர்த் தென்கரைத் தோழர்களுக்கு வேறொரு தொல்லை. அங்கே லைன் இல்லாத குறை மட்டுமல்ல, அயல் லைன் நுழையும் குறையும் உண்டு. நீரிணைக்கு அப்பாலுள்ள சிங்கப்பூர்க் கோபுரத்தின் அலை பலமாக இருந்தால், நம் வீட்டிலிருக்கும் போன் அதைப் பிடித்துக் கொள்கிறது. இதுவே ரோமிங். அயல் கம்பெனி நம் கம்பெனியிடம் கூலி கேட்கிறது. நம் கம்பெனி அதை நம் தலையில் ஏற்றுகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. இதில் வாழ்கிறவனுக்கு டாப்-அப் பணம் ஒரே நாளில் கரைவது சிறு விஷயமல்ல. பிழைப்புக்காகப் பாலம் தாண்டும் நம் பிள்ளைகளுக்கும் இதே பாடுதான்.

இந்தக் கட்டணம் கடவுள் எழுதிய விதியா? இல்லை. 2011 மே மாதத்திலும் 2012 மே மாதத்திலும் இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து பேசி, மலேசியா–சிங்கப்பூர் ரோமிங்கில் பேச்சுக் கட்டணம் 30 சதவிகிதம் வரையிலும், குறுஞ்செய்திக் கட்டணம் 50 சதவிகிதம் வரையிலும் குறைய வழி செய்தார்கள். பேசினால் குறையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அதுவரை, கரையோரத் தோழர்கள் போனில் ரோமிங்கை அடைத்து வைப்பதும், கம்பெனியைத் தானே தேடாமல் நம் கம்பெனியையே பிடிக்கும்படி அமைத்துக் கொள்வதும் நலம்.

குழாய்த் தண்ணீரும் மின்விளக்கும் துரைமார் மனமிரங்கித் தந்தவையல்ல. தொழிலாளர் கேட்டு, போராடி, சட்டமாகி வந்தவை. 1990ம் ஆண்டின் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டத்தில் தண்ணீர், மின்சாரம், பிள்ளைக் கொட்டகை எல்லாம் இடம் பெற்றுள்ளன. அந்த வரிசையில் தொலைபேசித் தொடர்பும் சேர வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

மேலும் கேட்கிறோம்: அலை அளக்கும்போது லயத்தோடு நில்லாமல் பெரட்டுக் களத்திலும் வெட்டுக்காட்டிலும் அளக்க வேண்டும். ஒரே கோபுரத்தை எல்லாக் கம்பெனிகளும் பகிர்ந்து கொள்ள வேண்டும். கோபுரத்துக்கு நிலம் விட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். கோபுரம் எழும்வரை, தூரக் காடுகளுக்குப் போகும் மண்டோர்களின் கையில் வாக்கி-டாக்கி கொடுக்க வேண்டும். இதற்குச் சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை, கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைத்தே வாங்கலாம்.

நம் கிளைகளுக்கும் வேலை இருக்கிறது. எந்த நிரையில், எந்த லயத்தில், எந்தக் கம்பெனியின் லைன் இல்லை என்று தேதியிட்டு எழுதி வையுங்கள். புகாராகச் சொன்னால் காற்றில் போகும். பட்டியலாகக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். தொழிலாளியின் குரல் வெளியே கேட்க வேண்டுமென்றுதான் சங்கம் பிறந்தது. அந்தக் குரல் போனிலும் கேட்கட்டும்!