பைப்புக்குள் எத்தனை ஒயர் போகலாம்?

புது ஏ.சி வந்து இறங்கிவிட்டது. படுக்கையறைக்கோ அதற்கென்று தனி லைன் இல்லை. "சுவரை உடைக்க வேணாம் சார். பழைய பைப்லயே இன்னும் மூணு ஒயர் இழுத்துடலாம்" என்கிறார் எலெக்ட்ரீஷியன். பெயின்ட் செலவு மிச்சம் என்று வீட்டுக்காரரும் தலையாட்டுகிறார். கோடை வந்தால் பல வீடுகளில் நடக்கும் காட்சி இது.

இழுத்தால் ஒயர் போய்விடும். போனபிறகு அது பாதுகாப்பாக இருக்குமா என்பதுதான் கேள்வி.

40 சதவீதக் கணக்கு

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஒயர்கள் ஒரே பைப்பில் போனால், உள்ளே இருக்கும் இடத்தில் 40 சதவீதத்துக்கு மேல் அடைக்கக் கூடாது என்கிறது அமெரிக்க மின் விதி. இதைக் கணக்கிடுவது சுலபம்.

20 மி.மீ பைப் என்பது வெளி அளவு. உள்விட்டம் 17 மி.மீ என்று வைத்துக்கொள்வோம். 17 x 17 = 289. அதில் 40 சதவீதம் 115.6.

அடுத்து ஒயர். 2.5 சதுர மி.மீ என்பது உள்ளே இருக்கும் செம்பின் அளவு மட்டுமே. மேலுறையோடு அதன் விட்டம் சுமார் 3.5 மி.மீ. 3.5 x 3.5 = 12.25. முன்பு வந்த 115.6-ஐ இதனால் வகுத்தால் 9.4. அதாவது, அதிகபட்சம் 9 ஒயர்கள்.

இது உச்ச வரம்புதான். வளைவுகள் உள்ள பைப்பில் இன்னும் குறைவாகவே இழுக்க வேண்டும். இந்தியத் தர அட்டவணைகளும் நேரான பைப்புக்கு ஓர் எண்ணிக்கை, வளைவுள்ள பைப்புக்கு அதைவிடக் குறைவான எண்ணிக்கை என்றே பிரித்துச் சொல்கின்றன. வளைவில் பலமாக இழுத்தால் மேலுறை உரசிக் கிழியலாம். சுவருக்குள் நடப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

சூடு என்னும் சிக்கல்

பேஸ், நியூட்ரல், எர்த் என ஒரு சர்க்யூட்டுக்கு 3 ஒயர். அப்படியானால் 9 ஒயர் என்பது 3 சர்க்யூட். மூன்றும் சேர்ந்து ஓடும்போது ஒன்றின் சூடு மற்றொன்றைத் தாக்கும். அப்போது ஒவ்வொரு ஒயரின் தாங்குதிறனும் சுமார் 70 சதவீதமாகக் குறையும். தனியாக 20 ஆம்பியர் தாங்கும் ஒயர், இங்கே 14 ஆம்பியர்தான் தாங்கும்.

போர்டில் இருப்பதோ 20 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியர் ஓடினாலும் அது டிரிப் ஆகாது. உள்ளே மேலுறை மெல்ல மெல்லக் கருகிக்கொண்டிருக்கும். சாதாரண பி.வி.சி மேலுறையின் தாங்கும் வெப்பம் 70 டிகிரி செல்சியஸ்தான்.

என்ன செய்யலாம்?

பழைய பைப்பில் புது ஒயர் இழுக்கும் முன், உள்ளே ஏற்கெனவே எத்தனை ஒயர், எத்தனை சர்க்யூட் என்று போர்டைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள். ஏ.சி, வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி பைப் நல்லது. சுவரை உடைக்க மனமில்லையா? சுவரின் மேலேயே பி.வி.சி பட்டி அடித்து ஒயர் கொண்டுபோகலாம். புது வீடு கட்டுபவர்கள், கான்கிரீட் போடும் முன்பே 25 மி.மீ பைப் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவைத்தால், பிற்பாடு இந்தக் கவலையே இருக்காது.