கியாரண்டியா, வாரண்டியா?

கணியம்பாடியில் மிக்ஸி, ஃபேன் விற்கிற கடை எதிலாவது நுழைந்து, "இதுக்கு கியாரண்டி உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். "ரெண்டு வருஷம் வாரண்டி ஸார்!" என்று பதில் வரும். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று. கேட்டவரும் தலையாட்டிவிட்டு, பெட்டியோடு திருவண்ணாமலை பஸ் ஏறிவிடுவார்.

இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஜெர்மானியச் சொல் ஒன்று பிரான்சுக்குப் போனது. பாரீஸ்காரர் வாயில் 'க' ஆயிற்று, வடக்கே நார்மண்டிக்காரர் வாயில் 'வ'வாகவே தங்கிவிட்டது. 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது 'வ' கூடவே போனது. 'க' பின்னால் வந்து சேர்ந்தது. வாசலில் நிற்கிற கார்டும் ஆஸ்பத்திரி வார்டும்கூட இதே கதைதான்.

கியாரண்டி என்றால் புதுசு மாற்றித் தருவார்கள், வாரண்டி என்றால் ரிப்பேர் மட்டும். இது நம் கடைத்தெரு அகராதி. சட்டத்தில் இப்படி ஒரு கோடு கிடையாது; அட்டையில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் (பி.காம். படித்தவர்களுக்கு 12-வது பிரிவு இன்னும் கனவில் வரும்) சொல்வது இதுதான்: 'வாரண்டி' மீறப்பட்டால் நஷ்டஈடு கேட்கலாம், பொருளைத் திருப்பி எறிய முடியாது. திருப்ப வேண்டுமானால் மீறப்பட்டது 'கண்டிஷனாக' இருக்க வேண்டும்.

சரி, கியாரண்டி? 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 126-வது பிரிவில் மிக்ஸியே கிடையாது. அங்கே மூன்று பேர்: கடன் கொடுக்கிறவர், வாங்குகிறவர், 'இவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்' என்கிற அப்பாவி.

சம்பளத்துக்கு மறுநாள் பக்கத்து ஸீட்காரர் ஃபாரத்தோடு வருவார். "சும்மா ஒரு கையெழுத்து மச்சி, ஃபார்மாலிட்டி!" கணியம்பாடியிலிருந்து வேலூர் ஆபீசுக்கு வந்துபோகும் என் சிநேகிதர் இப்படித்தான் ஒரு பைக் கடனுக்குப் போட்டார். பைக் ஓட்டியவர் வேலையை விட்டு ஓசூர் போய்விட்டார். நோட்டீஸ் மட்டும் சரியாகக் கணியம்பாடிக்கு வந்தது. "முதல்ல அவனைப் பிடிங்க ஸார், கிடைக்கலைன்னா வாங்க" என்றார் இவர்.

அந்தப் பேச்சு செல்லாது. வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய, வாங்கியவர் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரர் பொறுப்பு என்கிறது 128-வது பிரிவு. பாங்க் ஆஃப் பீஹார் வழக்கில் 1968-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது: கடன்காரரை முதலில் துரத்திவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்றால் ஜாமீன் எதற்கு? போதாததற்கு, நாளை நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போனால் சிபில் அறிக்கையில் நண்பரின் கடனும் உட்கார்ந்திருக்கும்.

ஒரு ஆறுதல் உண்டு. கட்டித் தொலைத்த பிறகு, நண்பர் மேல் பாங்க்குக்கு இருந்த உரிமையெல்லாம் 140-வது பிரிவுப்படி உங்களுக்கு வந்துவிடும். ஓசூர் பஸ் சார்ஜ் மட்டும் உங்கள் செலவு!

ஆகவே ஃபாரம் வந்தால் தொகை என்ன, எத்தனை மாசம், என் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டா என்று கேளுங்கள். நகல் ஒன்று வாங்கி வையுங்கள். முகம் சுளித்தால், "சாட்சிக் கையெழுத்து வேணும்னா போடறேன் மச்சி" என்று சொல்லி ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். காபி உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.