மூன்றெழுத்தா, ஐந்தெழுத்தா?

கரமனையில் என் அறைக்கு மாலைதோறும் நிரல் கற்க வரும் தம்பியர், சாளரம் உறைந்தால் கணினியைப் பழிக்கின்றனர். பொத்தான் ஏவிய பணி முடியுமட்டும் சாளரம் வேறெதையும் கேளாது. நெடும்பணியைத் திரெட் எனும் தனி இழையில் விட்டால் தீர்ந்தது.

பெருந்தொல்லை வேறு. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தான் 3 இடம் கேளுங்கள், ஐந்து என்னும்! யூனிகோடு முறையில் இகரக் குறியும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். பெயர்ப்பெட்டிக்கு நான்கென வரம்பிட்டு வெட்டினால் ‘தமிழ’ என்று நிற்கும். குறிகளை விலக்கி எண்ணினால் மூன்று கிடைக்கும். (‘க்ஷ’ மட்டும் முரண்டு பிடிக்கும்.) மலையாளத் தோழர்க்கும் இதே இடர்தான்.

ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் இதனை என்றும் காணார். ஆதலின், முதற் பயிற்சியிலேயே தம்பியர் தம் பெயரைத் தமிழில் இட்டுப் பார்க்க வேண்டும் என்பேன். சென்ற ஆண்டு ஒரு படிவத்தில் என் பெயர் புள்ளியிழந்து வந்தது. அந்நிரலை எழுதியவரும் ஒருநாள் நம்மைப்போல் கற்கத் தொடங்கியவர்தாமே!