புள்ளிகளை இணைப்பது யார்?

வரைபடத்தாளில் ஒரு வளைகோட்டை ஒழுங்காக வரைய மாணவர் ஒருவருக்கு அரைமணி நேரமாவது ஆகும். அட்டவணை போட வேண்டும். அச்சுகளுக்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புள்ளிகளை ஒவ்வொன்றாகக் குறித்துக் கை நடுங்காமல் இணைக்க வேண்டும். அதே வேலையைப் பைத்தான் மொழியில் எழுதிய நான்கைந்து வரி நிரல் சில நொடிகளில் முடித்துவிடுகிறது. எண்களைக் கணக்கிட ‘நம்பை’, அவற்றைப் படமாக்க ‘மேட்பிளாட்லிப்’ எனப் பிறர் எழுதிவைத்த நிரல்தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இனி வரைபடத்தாள் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதில் வியப்பில்லை. ஆனால், அந்த அரைமணி நேரத்தில் மாணவர் தாமே எடுத்த முடிவுகளை இப்போது யார் எடுக்கிறார்?

இக்கேள்வியைக் கேட்பதால் கணினியைக் குறை கூறுவதாகக் கருதக் கூடாது. மேட்பிளாட்லிப்பை உருவாக்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளையில் எழும் மின்னலைகளைப் படமாகப் பார்க்க அவருக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. தமக்காகச் செய்த அதனை 2003ஆம் ஆண்டில் எல்லாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார். ஆயிரக்கணக்கான எண்கள் வரிசையாக நின்றால் மனிதக் கண்ணுக்கு ஒன்றும் புரிவதில்லை. படமாகும்போதுதான் அவை பேசுகின்றன. இங்கிலாந்துப் புள்ளியியலாளர் பிராங்க் ஆன்ஸ்கம் 1973ஆம் ஆண்டில் இதை அழகாகக் காட்டினார். அவர் நான்கு அட்டவணைகளை அமைத்தார். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கிலும் முதல் எண்களின் சராசரி 9. இரண்டாம் எண்களின் சராசரி ஏறத்தாழ 7.5. அவற்றுக்குப் பொருத்தமான நேர்கோடும் ஒன்றே. கணக்கை மட்டும் பார்ப்பவர் நான்கும் ஒரே மாதிரியானவை என்றுதான் சொல்வார். வரைந்து பார்த்தால் ஒன்று சிதறிய புள்ளிகள், ஒன்று வளைகோடு, ஒன்று நேர்கோட்டை விட்டு ஒரே ஒரு புள்ளி விலகியது, மற்றொன்றில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்கின்றன. ஆகவே, வரைந்து பார்க்காமல் எண்களை நம்பக் கூடாது என்பதில் ஐயமில்லை.

வரைந்து பார்த்ததை அப்படியே நம்பலாமா என்பதுதான் சிக்கல். ‘1-ஐ எக்ஸால் வகு’ என்ற எளிய சார்பை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் சுழியமாக இருந்தால் இதற்கு விடையே இல்லை. ஒரு மாணவர் −1 முதல் 1 வரை சம இடைவெளியில் 100 எண்களைத் தேர்ந்து, மேட்பிளாட்லிப்பிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 எண்களில் சுழியம் வராது. சுழியத்திற்குச் சற்று இடப்புறம் விடை −99. சற்று வலப்புறம் 99. அடுத்தடுத்த இரு புள்ளிகளைக் கண்டதும் நிரல் தன் கடமையைச் செய்கிறது: இரண்டையும் நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது. திரையில் கீழிருந்து மேலாக, செங்குத்துப் போலவே தோன்றும் ஒரு கோடு எழுந்து நிற்கும். அந்தக் கோடு கணிதத்தில் இல்லை. கணினிக்குச் சார்பு தெரியாது. அதன் கையில் இருப்பவை 100 புள்ளிகள் மட்டுமே. கையால் வரையும் மாணவரோ சுழியத்தை அடைந்ததும் பென்சிலைத் தூக்கியிருப்பார். இல்லையென்றால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பார்!

அச்சின் கதையும் இதுபோன்றதே. நான்கு தேர்வுகளில் 78, 79, 78, 80 எனப் புள்ளிகள் பெற்ற மாணவர் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருக்கிறார். அவற்றைக் கோட்டு வரைபடமாக வரையச் சொன்னால் நிரல் 78-ஐத் தரையாகவும் 80-ஐ உச்சியாகவும் வைத்துக்கொண்டு மலையும் பள்ளத்தாக்கும் காட்டும். அளவை மாற்ற ஒரு கட்டளை போதும். ஆனால், மாற்ற வேண்டும் என்று மாணவருக்குத் தோன்ற வேண்டுமே!

எந்தப் புள்ளிகளை வரைவது என்பது இவற்றையெல்லாம் விடப் பெரிய முடிவு. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் ‘சேலஞ்சர்’ விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறியது. அதிலிருந்த ஏழு பேரும் மாண்டனர். ராக்கெட்டின் இணைப்புகளை அடைத்திருந்த இரப்பர் வளையம் கடுங்குளிரில் இறுகியதே காரணம். முந்தைய இரவு பொறியாளர்கள் குளிரைப் பற்றி எச்சரித்திருந்தனர். ஆனால், அன்று ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டவை வளையம் பழுதுற்ற பயணங்கள் மட்டுமே. அவற்றில் குளிரான நாளும் இருந்தது, வெப்பமான நாளும் இருந்தது. ஆகவே தொடர்பு எதுவும் தெரியவில்லை. பழுதில்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருந்தால் நிலைமை வேறு. ஏறத்தாழ 19 டிகிரி செல்சியசும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் பழுது. சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களிலும் பழுது. சேலஞ்சர் புறப்பட்டபோது வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி. அக்காலத்தில் மேட்பிளாட்லிப் இல்லை. இருந்திருந்தாலும், ஏழு புள்ளிகளைக் கொடுத்தால் ஏழு புள்ளிகளைத்தான் அது வரைந்திருக்கும். மீதி 17 எங்கே என்று கேட்டிருக்காது.

இயந்திரம் செய்யும் வேலையை மாணவர் கையால் செய்வது நேர விரயம் என்பார் சிலர். நூறு வரைபடங்களைக் கையால் வரையச் சொன்னால் அது உண்மையிலேயே விரயம்தான். ஆனால், சார்பு ஒவ்வொன்றையும் முதல் முறை சந்திக்கும்போது பத்துப் புள்ளிகளையாவது தாளில் குறித்துப் பார்த்தவருக்குத்தான் திரையில் தோன்றும் படம் சரியா என்று கேட்கத் தெரியும். நிரலை இயக்குவதற்கு முன்பே, கோடு எங்கே ஏறும், எங்கே முறியும் என்று ஓரத்தில் கிறுக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் கணினி வகுப்பில் கொண்டுவரலாம். அதற்கு இரண்டு நிமிடம் போதும். திரையில் வந்தது கிறுக்கலோடு ஒத்துப்போகவில்லை என்றால், தவறு மாணவருடையதாகவும் இருக்கலாம், நிரல் போட்ட கோட்டினுடையதாகவும் இருக்கலாம். எது என்று தேடுவதில்தான் பாடமே இருக்கிறது.

அப்படித் தேடுவதற்கு மேட்பிளாட்லிப்பே ஒரு வழி வைத்திருக்கிறது. வரையும் கட்டளையில் மேற்கோள் குறிகளுக்குள் சிறிய ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தால் கோடு மறைந்துவிடும். திரையில் மாணவர் கொடுத்த புள்ளிகள் மட்டும் நிற்கும்.