கன்டெய்னருக்குப் பாதை உண்டு. காலுக்குப் பாதை எங்கே?

விடியற்காலை நாலு மணி. செய்யாறிலும் வந்தவாசியிலும் அரக்கோணத்திலும் வாலாஜாபாத்திலும் ரோட்டோரத்து இருட்டிலே தொழிலாளிகள் நிற்கிறார்கள். கழுத்திலே கம்பெனி அட்டை, கண்ணிலே தூக்கம். கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. ஏறி உட்கார்ந்த மறு நிமிஷம் தலை ஜன்னலில் சாய்கிறது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் பொழுது இப்படித்தான் விடிகிறது.

கொஞ்ச நேரம் கழித்து, ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்தில், களையெடுக்கக் கூலிக்குப் போகும் பெண் ஒருத்தி ரோட்டைக் கடக்க நிற்கிறாள். அவள் தாயார் காலத்தில் மாட்டு வண்டி போன ரோடு அது. இன்று ஆறு தடம். கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் கன்டெய்னர் லாரி. புதுக் கார்களை ஏற்றிய ட்ரெய்லர்கள். ஓடித்தான் கடக்க வேண்டும்.

இந்த இருவருக்கும் அடிபட்டாலோ, வியாதி வந்தாலோ சர்க்கார் என்ன சொல்கிறது? "ஆஸ்பத்திரிக்குப் போ" என்கிறது. அடிபடாமல் இருக்க என்ன ஏற்பாடு, வியாதி வராமல் இருக்க என்ன ஏற்பாடு என்று கேட்டால் பதிலைக் காணோம்! ஆனால் தோழர்களே, உழைப்பாளியின் உடம்புக்கு என்ன நேரும் என்பது ஆஸ்பத்திரி வாசலுக்கு வருமுன்பே தீர்மானமாகிவிடுகிறது. நிலத்தை அளந்து கோடு போடுகிற அன்றே, ரோட்டுக்குப் படம் வரைகிற அன்றே அது தீர்மானமாகிவிடுகிறது. அந்தப் படத்தை வரையும் மேஜையில் வைத்தியரும் இல்லை, தொழிலாளியும் இல்லை. நமது வழக்கெல்லாம் இதுதான்.

பின்வாசல் வழியே 12 மணி நேரம்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, அதை வாபஸ் வாங்குவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 1923ல் தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடி ஏற்றிய நூறாவது ஆண்டில் கிடைத்த வெற்றி அது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேர ஷிப்ட். பஸ்ஸிலே போக இரண்டு மணி, வர இரண்டு மணி. மொத்தம் பன்னிரண்டு! சட்டசபை வாசல் வழியாக நாம் உள்ளே விடாத 12 மணி நேரம், ரோட்டின் வழியாக வந்து நம் வீட்டில் உட்கார்ந்துகொண்டது. அந்த நாலு மணி நேரத்துக்குக் கூலி கிடையாது. அது தூக்கத்திலிருந்து பிடித்த நேரம், பிள்ளைகளிடமிருந்து பிடித்த நேரம். தூக்கம் கெட்டவன் கை இயந்திரத்திலே தடுமாறும். அப்போது "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று ரிப்போர்ட் எழுதுவார்கள்!

வேடிக்கை என்னவென்றால், ரோடும் ஆலையின் ஒரு பகுதி என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்புடையதானால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்று 2010ல் இ.எஸ்.ஐ. சட்டம் திருத்தப்பட்டது. ஆலைக்குள்ளே சுழலும் இயந்திரத்துக்கு வேலி போடு என்று 1948ம் வருஷத்து பாக்டரி சட்டம் சொன்னது. அப்படியானால் ஆலைக்குப் போகும் ரோட்டுக்கு நடைபாதை போடு, விளக்குப் போடு, கடக்க வழி விடு என்று ஏன் சொல்லக் கூடாது?

2022ம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டு ரோடுகளில் 17,884 பேர் மாண்டார்கள். இந்தியா முழுவதிலும் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். 19 பேர் நடந்து போனவர்கள். காரில் போகும் துரைமார்களின் கணக்கல்ல இது. நம் கணக்கு!

பூந்தமல்லி ஹாஸ்டல் சொன்ன பாடம்

2021 டிசம்பரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சுங்குவார்சத்திரத்தில் ஆப்பிள் டெலிபோன் செய்யும் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளிகள் தங்க வைக்கப்பட்ட இடம் எங்கே? சுமார் 30 கிலோமீட்டருக்கு அப்பால் பூந்தமல்லியில் ஒரு ஹாஸ்டல். அங்கே கெட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தங்கள் தோழிகள் என்ன ஆனார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. செத்துப் போனார்கள் என்று வதந்தி பரவியது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சென்னை–பெங்களூர் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கன்டெய்னர்கள் நின்றன. கன்டெய்னர்கள் நின்ற பிறகுதான் சர்க்காருக்குக் காது கேட்டது!

ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று அந்த அமெரிக்கக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பின்பு வல்லம் வடகாலில், ஆலைகளுக்கு அருகிலேயே, 18,720 பேர் தங்கும் கட்டிடங்கள் 706 கோடி ரூபாய்ச் செலவில் எழும்பின. 2024 ஆகஸ்டு 17 அன்று திறப்பு விழா.

பணம் இருந்தது. நிலமும் இருந்தது. ஆலைக்கு நிலம் அளந்த அன்றே வீட்டுக்கும் அளந்திருக்கலாம். 159 பேர் படுக்கையில் விழுந்து, ஆயிரக்கணக்கானோர் ரோட்டில் அமர்ந்த பிறகு அளந்தார்கள். இன்றும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த சகோதரர்களுக்கும் தகரக் கொட்டகையும் நெருக்கடியான வாடகை அறையும்தானே கதி? அவர்களுக்கு எப்போது அளக்கப் போகிறார்கள்?

எங்கெல்ஸ் பார்த்த ஊர்

இது இங்கே மட்டும் நடக்கும் விஷயமல்ல, இன்று தோன்றியதுமல்ல. 1845ல் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை பற்றி எங்கெல்ஸ் ஒரு புத்தகம் எழுதினார். மான்செஸ்டர் நகரத்தைத் தெருத் தெருவாக நடந்து பார்த்து எழுதியது. பணக்காரர்கள் ஊருக்கு வெளியே நல்ல காற்றில் வசித்தார்கள். தினமும் பெரிய ரோடு வழியாக வண்டியில் வியாபார ஸ்தலத்துக்கு வந்துபோனார்கள். ரோட்டின் இரு புறமும் அழகான கடைகள். அந்தக் கடைகளுக்குப் பின்னால்தான் தொழிலாளிகளின் சேரி, சாக்கடை, காய்ச்சல். ரோடு அவர்கள் கண்ணுக்கு அதை மறைத்தது. ஊரின் அமைப்பே ஒரு வர்க்கத்தின் ஆயுளைக் குறைத்து இன்னொரு வர்க்கத்தின் கண்ணை மறைத்ததை அவர் எடுத்துக் காட்டினார்.

சென்னையில் பின்னி ஆலைக் காலத்தில் பெரம்பூர், புளியந்தோப்புக் குடிசைகள் ஆலையை ஒட்டி நெருங்கிக் கிடந்தன. புகையும் சாக்கடையும் தொழிலாளிக்கு. ஆனால் சங்கு ஊதினால் நடந்து போகலாம். இன்றைய முதலாளி தொழிலாளியை அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பஸ்ஸிலே வரவழைக்கிறான். வீட்டுச் செலவு அவனுக்கு இல்லை. ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு திசை; சங்கம் கூடவும் இடம் இல்லை!

கிழிக்கப்பட்ட கேள்வித்தாள்

சட்டம் இல்லையா? உண்டு. 2013ம் வருஷத்து மத்திய நில எடுப்புச் சட்டம் ஒரு காரியம் செய்தது. நிலம் எடுக்கும் முன் "சமூகத் தாக்க மதிப்பீடு" செய்ய வேண்டும் என்றது. இந்தத் திட்டத்தால் ரோடு, பஸ் வசதி, வடிகால், சுகாதாரம், குடிதண்ணீர், மாட்டுக்குத் தண்ணீர், மேய்ச்சல் நிலம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னது. பட்டா இல்லாத விவசாயத் தொழிலாளியின் பிழைப்பையும் கணக்கில் எடுக்கச் சொன்னது.

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? தொழில் வளாகங்களுக்கு நிலம் எடுக்கும் 1997ம் வருஷத்துச் சட்டத்துக்கும், நெடுஞ்சாலைகளுக்கான 2001ம் வருஷத்துச் சட்டத்துக்கும் 2014ல் ஒரு திருத்தத்தின் மூலம் விலக்குக் கொடுத்தார்கள். 2019ல் சென்னை ஐகோர்ட் அது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபை வேறொரு சட்டம் செய்து மறுபடியும் உயிர் கொடுத்தது. 2021ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. நஷ்டஈட்டுக் கணக்கு மட்டும் மிஞ்சியது; கேள்வித்தாள் கிழிந்தது. எந்த இரண்டு காரியங்களுக்கு அது மிகவும் அவசியமோ—தொழில் நிலம், பெரிய ரோடு—அந்த இரண்டுக்கே விலக்கு!

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பெரும்பகுதி நிலம் அதற்கு முன்பே போய்விட்டது உண்மை. ஆனால் இனிப் போகும் நிலம்? பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுக்கக் கிளம்பியதும் இந்த 1997ம் வருஷத்துச் சட்டப்படிதான். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் போகிறது. இந்த ஏரிகளின் வரத்துக்கால் அடைபட்டால் கிராமத்து நஞ்சை காய்வதோடு நிற்காது. சென்னையின் குடிதண்ணீருக்கும் வெள்ளத்துக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும்.

1939லேயே சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. தண்ணீர், வடிகால், குடியிருப்பு நெருக்கடி, தங்கும் விடுதிகள் இவற்றில் தலையிடச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் கொடுத்தது. ஆனால் இன்று நிலம் சிப்காட்டிடம். படம் ஊரமைப்பு இலாகாவிடம். ரோடு நெடுஞ்சாலை இலாகாவிடம். பஸ் போக்குவரத்து இலாகாவிடம். சுகாதார இலாகா எங்கே வருகிறது? டெங்கு வந்த பிறகு மருந்தடிக்க வருகிறது!

நாம் கேட்பது என்ன?

"அப்படியானால் தொழிற்சாலையே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். தொழிற்சாலை வேண்டும். அதை ஓட்டுகிறவர்களே நாம்தான். "செலவு கூடினால் முதலீடு வேறு மாகாணத்துக்கு ஓடிவிடும்" என்பார்கள். செலவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைக் கால் ஒடிந்தவனும், கடன் வாங்கி வைத்தியம் பார்க்கும் குடும்பமும் கொடுக்கிறார்கள். கொடுக்க வேண்டியவன் கொடுக்கட்டும் என்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள்:

தொழில் நிலத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் கொடுத்த விலக்கு ரத்தாக வேண்டும். சுகாதார அதிகாரியின் அறிக்கை தமிழில் கிராம சபை முன் வைக்கப்படாமல் எந்தப் புது வளாகத்துக்கும் ரோட்டுக்கும் அனுமதி கூடாது.

கிராமம் தொடும் ஒவ்வொரு இடத்திலும் கடக்கும் வழி, விளக்கு, நடைபாதை, பஸ் நிற்கும் இடம் வேண்டும். பிறகு லாரிக்கு ஆறு தடமோ எட்டுத் தடமோ போட்டுக்கொள்ளட்டும்.

ஷிப்ட் நேரத்துக்கு ஏற்ற சர்க்கார் பஸ் ஓட வேண்டும். கிராமத்து ஜனங்களும் ஏறும் பஸ்ஸாக அது இருக்க வேண்டும். செலவில் பங்கு கம்பெனிகளுடையது.

ஆலைக்கு அருகில் வீடும் தண்ணீரும் கக்கூசும், ஆண், பெண், நிரந்தரம், காண்ட்ராக்ட், உள்ளூர், வெளிமாகாணம் என்ற பேதமின்றி எல்லாத் தொழிலாளிக்கும் வேண்டும். ஹாஸ்டல்களை 1939ம் வருஷத்துச் சட்டப்படி சோதிக்கும்போது சங்கப் பிரதிநிதி கூட இருக்க வேண்டும்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. நம் வட்டாரமும் அதற்குள் வந்துவிட்டது. புதிய படங்கள் வரையப்படும். சட்டப்படி நகல் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டாக வேண்டும். அதுவரை நாம் சும்மா இருப்பதா? ஒவ்வொரு ஆலைச் சங்கமும் ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கிளையும் தங்கள் படத்தைத் தாங்களே வரையட்டும். எங்கே ஆள் அடிபட்டான், எங்கே விளக்கு இல்லை, எங்கே தண்ணீர் தேங்குகிறது, எங்கே பஸ் நிற்பதில்லை என்று குறியுங்கள். அதை மே தினக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுங்கள்.

பஸ்ஸுக்கு நிற்கிறவனும் ரோட்டைக் கடக்க நிற்கிறவளும் இன்று தனித்தனியே நிற்கிறார்கள். ஒரே ரோட்டின் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். சேர்ந்து நின்று கேட்டால், அந்த மேஜையில் நமக்கும் இடம் போட்டே தீர வேண்டும்.