குவாரிக்குள் ஒரு கப்பல்... கேட்டிலேயே தொடங்கும் பாதுகாப்பு!

கல்குவாரி குட்டை என்றாலே, 'அந்தப் பக்கம் போகாதே' என்றுதான் வீட்டில் சொல்வார்கள். ஆனால், இங்கிலாந்தில் அப்படியொரு குவாரிக்குள் இறங்கக் கட்டணம் கட்டிப் போகிறார்கள்!

லெஸ்டர்ஷைரில் உள்ள ஸ்டோனி கோவ், ஒருகாலத்தில் கருங்கல் வெட்டிய குவாரி. 1958-ல் வேலை நின்றது. ஊற்றுத் தண்ணீர் பெருகி, பள்ளம் ஏரியானது. இன்று அது பிரிட்டனின் பிரபலமான ஸ்கூபா டைவிங் பயிற்சி இடங்களில் ஒன்று. டைவர்கள் சுற்றிப் பார்ப்பதற்காகவே, 2000-ம் ஆண்டில் 'ஸ்டேன்கார்த்' என்ற பழைய இழுவைக் கப்பலை உள்ளே மூழ்கடித்தார்கள்.

அலை இல்லை, சுறா இல்லை. அப்புறம் என்ன பயம்?

முதலில் குளிர். வெயில் காலத்திலும் மேல்தண்ணீர்தான் வெதுவெதுப்பு. சில மீட்டர் இறங்கினால் சட்டெனச் சில்லிடும். கடுங்குளிரில் மூச்சுக்கருவியின் வால்வு உறைந்து, காற்று நிற்காமல் கொட்டி, சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகலாம்.

அடுத்தது ஆழம். கடற்கரைபோல மெள்ள மெள்ள இறங்காது. குவாரியின் சுவர் செங்குத்து. ஸ்டோனி கோவில் ஆழமான இடம் சுமார் 35 மீட்டர். அடிப்படைப் பயிற்சி மட்டும் முடித்தவர்களுக்குப் பொதுவாக 18 மீட்டர்தான் எல்லை. 20 மீட்டரில், தரையில் சுவாசிப்பதைவிட மூன்று மடங்கு வேகமாகக் காற்று தீரும். பதறிப்போய் மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடலாம்.

மூன்றாவது சேறு. அடியில் ஒருவர் காலை உதைத்தால் போதும், பக்கத்தில் வருபவரே கண்ணுக்குத் தெரியமாட்டார்.

அதனால்தான் முறையாக நடத்தப்படும் குவாரிகளில், கேட்டிலேயே பயிற்சி அட்டையைக் கேட்கிறார்கள். 'காசு கட்டியாச்சே, இன்னும் என்ன?' என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆனால், அந்தக் கேட் திறந்திருப்பதே பெரிய விஷயம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள 'டச் ஸ்பிரிங்ஸ்' சுண்ணாம்புக்கல் குவாரி, 1980 முதல் டைவர்களின் பள்ளிக்கூடமாக இருந்தது. நிலம் கைமாறியதால், 2021-ம் ஆண்டோடு மூடப்பட்டது. அங்கே பழகியவர்கள் தவித்துப்போனார்கள். பிறகு, 'லேக் ஹைட்ரா' என்ற புதுப்பெயரில் திறந்த பிறகுதான் நிம்மதி.

மூடிய குவாரியில் வேலி தாண்டி இறங்குபவருக்கு ஆழம் தெரியாது. காப்பாற்றக் கரையில் ஆளும் இருக்காது. அங்கே ஓர் உயிர் போனால், 'வழக்கு, வம்பு எதற்கு?' என்று மற்ற குவாரி உரிமையாளர்களும் கதவைச் சாத்த யோசிப்பார்கள். ஒருவர் மீறும் விதி, அடுத்தவர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையும் சேர்த்தே பறிக்கிறது.

டைவிங் ஆசை இருக்கிறதா? கேட்டில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு ஆழம்? கரையில் ஆக்சிஜன் இருக்கிறதா? ஆபத்து என்றால் யார் இறங்கிக் காப்பாற்றுவார்கள்?

கேட்க ஆளே இல்லாத குவாரி என்றால், கரையோடு திரும்பிவிடுங்கள்.