வீட்டில் தோட்டா தயாரிப்பது இங்கே பொழுதுபோக்கு அல்ல

தானா ராத்தா – சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக்களில் மீண்டும் மருந்தும் குண்டும் நிரப்பும் இயந்திரங்கள் அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே உள்ளன. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா தயார். அங்கே அது செலவைக் குறைக்கும் பொழுதுபோக்கு. இத்தகைய காணொளிகள் கேமரன் மலை இளைஞர்களின் கைப்பேசிக்கும் எளிதில் வந்துவிடுகின்றன.

மலேசியாவில் நிலைமை வேறு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இன்றித் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தயாரித்தால் தண்டனை இன்னும் கடுமை.

இந்தக் கண்டிப்பின் வேர் 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் இருக்கிறது. கைத்துப்பாக்கியும் 6 தோட்டாக்களும் வைத்திருந்ததாகத் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி மீது குற்றம் சுமத்தப்பட்டது. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கிக் குற்றங்களுக்கான கட்டாய மரண தண்டனை நீங்கியது 2023 ஜூலையில்தான்.

காட்டுப் பன்றிகள் பயிரை நாசம் செய்வது உண்மையான துயரம். அதற்கு வனவிலங்கு இலாகாவிடம் புகார் செய்யலாம்; உரிமம் உள்ளவரை அழைக்கலாம். கள்ளத் தோட்டா தீர்வாகாது. வேலையோடு வீடும் பிணைந்திருக்கும் தோட்டப்புறத்தில், ஒருவர் சிறை சென்றால் குடும்பமே கூரையை இழக்க நேரிடும். பழைய தோட்டா கண்ணில் பட்டால் கையால் தொடாமல் போலீசுக்குத் தகவல் கொடுப்பதே பாதுகாப்பு.